போஸ் என்ன எண்ணினார்? கேள்விகளும் பதில்களும்

கேள்வி: இயற்பியலாளர் சத்யேந்திரநாத் போஸ் வகுப்பில் கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டார், அது தற்செயலாகச் சரியான விடையைத் தந்துவிட்டது என்கிறார்களே, உண்மையா?

பதில்: கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கணக்கு வந்த அவருடைய 1924 கட்டுரையைப் பிரித்துப் பார்த்தால் கண்ணை மூடிக்கொண்டு தடுக்கி விழுந்தவரின் எழுத்தாகத் தெரியவில்லை. பிளாங்க் விதியை, அதாவது சூடான பொருள் எந்த நிறத்தில் எவ்வளவு ஒளி விடும் என்று சொல்லும் விதியைத் தருவித்த எல்லோருமே ஏதோ ஓரிடத்தில் பழைய மின்காந்தவியலிடம் கடன் வாங்குகிறார்கள், ஒருபக்கம் குவாண்டம், மறுபக்கம் அதற்கு ஒத்துவராத பழைய கோட்பாடு, இது சரியில்லை என்பதுதான் அவருடைய ஆரம்பமே. அந்தக் கடன் இல்லாமல், ஒளியை வெறும் துகள்களின் வாயுவாக வைத்தே முழு விதியையும் கொண்டுவர முடியுமா என்று பார்த்தார். முடிந்தது.

கேள்வி: சரி, அதில் புதிதாக என்ன செய்தார்? கணிதம் அதிகம் இல்லாமல் சொல்லுங்கள்.

பதில்: இரண்டு துகள், இரண்டு பெட்டி. பழைய முறையில் துகளுக்குப் பெயர் உண்டு, ஆகவே 4 வழிகள். அதில் இரண்டும் ஒரே பெட்டியில் இருப்பது 2, அதாவது பாதி வாய்ப்பு. போஸ் முறையில் 'இதில் ஒன்று அதில் ஒன்று' என்பது ஒரே வழிதான், எது எங்கே என்ற கேள்விக்கே இடமில்லை. மொத்தம் 3 வழிகள், சேர்ந்திருக்கும் வாய்ப்பு மூன்றில் இரண்டு! எந்த விசையும் இழுக்காமலே ஃபோட்டான்கள், அதாவது ஒளித்துகள்கள், கூட்டம் சேர விரும்புவதுபோல் தெரிவது இந்த எண்ணிக்கையால்தான். வேடிக்கை என்னவென்றால், துகள்களைப் பிரித்தறிய முடியாது என்று போஸ் எங்கும் கொட்டை எழுத்தில் அறிவிக்கவில்லை. பெட்டிகளைப் போன்ற அறைகளில் காலியானவை எத்தனை, ஒரு துகள் உள்ளவை எத்தனை, இரண்டு உள்ளவை எத்தனை என்று அறைகளை எண்ணிக்கொண்டே போகிறார், அவ்வளவுதான். அதற்குள் எவ்வளவு பெரிய விஷயம் ஒளிந்திருக்கிறது என்பது மற்றவர்களுக்கு அப்புறம்தான் உறைத்தது.

கேள்வி: ஐன்ஸ்டைன் கைதூக்கிவிடாவிட்டால் அவரை யாருக்கும் தெரிந்திருக்காதுதானே?

பதில்: பாதி சரி. 1924 ஜூன் 4 அன்று டாக்காவிலிருந்து போஸ் ஐன்ஸ்டைனுக்குக் கட்டுரையோடு கடிதம் எழுதினார். எனக்குப் போதுமான ஜெர்மன் தெரியாது, தகுதியானது என்று தோன்றினால் வெளியிட ஏற்பாடு செய்யுங்கள் என்று கேட்டார். ஐன்ஸ்டைன் தானே ஜெர்மனில் மொழிபெயர்த்து, இது முக்கியமான முன்னேற்றம் என்று குறிப்பும் சேர்த்து இதழுக்கு அனுப்பினார். ஆனால் போஸ் முன்பின் தெரியாத ஆள் இல்லை. ஐன்ஸ்டைனின் சார்பியல் கட்டுரைகளை இயற்பியலாளர் மேகநாத் சாஹாவோடு சேர்ந்து ஆங்கிலத்தில் கொண்டுவந்தவர், அதற்கு அனுமதி கேட்டதையும் அதே கடிதத்தில் நினைவுபடுத்துகிறார். தயக்கமும் துணிச்சலும் கலந்த கடிதம், எனக்கு மிகவும் பிடித்தது.

கேள்வி: ஹிக்ஸ் போசானைக் கண்டுபிடித்தவரும் இவர்தானா?

பதில்: இல்லை. போஸ் கணக்குக்கு உட்படும் துகள் எல்லாவற்றுக்கும் அவர் பெயரால் போசான் என்று பெயர் வைத்தவர் இயற்பியலாளர் டிராக். ஹிக்ஸ் அதில் ஒரு வகை.

கேள்வி: கடுங்குளிரில் அணுக்கள் ஒரே நிலையில் குவியும் போஸ்-ஐன்ஸ்டைன் செறிபொருள் யாருடைய யோசனை?

பதில்: ஐன்ஸ்டைனுடையது. போஸ் எடுத்துக்கொண்டது ஒளியை. ஃபோட்டான்கள் பிறக்கும், மறையும், எண்ணிக்கை நிலையாக இருக்காது. ஐன்ஸ்டைன் அதே முறையை அணுக்களுக்குப் பொருத்தினார். அணு மறைந்துபோகாதே! குளிரக் குளிர மேல்நிலைகளில் இடம் போதாமல், மிச்சமுள்ளவை எல்லாம் ஆற்றல் மிகக் குறைந்த அடிநிலையில் வந்து குவிய வேண்டும். 1995இல் அமெரிக்காவின் போல்டரில் கார்னலும் வீமனும் ருபீடியம் அணுக்களை ஒரு கெல்வினின் கோடியில் இரண்டு பங்குக்கும் கீழே குளிர்வித்துக் காட்டினார்கள். சோடியத்தில் செய்த கெட்டர்லேவுக்கும் சேர்த்து 2001இல் நோபல். போஸுக்குக் கிடைக்கவில்லை என்பது எனக்கும் வருத்தம்தான்.

கேள்வி: முதலில் எதைப் படிக்கலாம்?

பதில்: அந்தக் கட்டுரையையே படியுங்கள், 4 பக்கம்தான். ஸ்டர்லிங் தோராயமும் (பெரிய தொடர்பெருக்கங்களை எளிதாக்கும் வழி) லக்ராஞ்சு பெருக்கியும் (நிபந்தனைக்குள் உச்சத்தைத் தேடும் உத்தி) தெரிந்திருந்தால் சமாளிக்கலாம். மொத்த ஆற்றல் மாறாது என்ற நிபந்தனை வரும் இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள்: மொத்தத் துகள் எண்ணிக்கை மாறாது என்று பக்கத்திலேயே இன்னொரு நிபந்தனையை எதிர்பார்ப்பீர்கள், அது இருக்காது.