கார்க்கசோனில் காயை எப்போது வயலில் படுக்க வைப்பது?

கார்க்கசோன், அட்டைகளை ஒட்டி வைத்து நகரம், சாலை, வயல் உருவாக்கி, அவற்றில் காய் வைத்துப் புள்ளி சேர்க்கும் பலகை ஆட்டம். வயலில் வைக்கும் காயை மட்டும் படுக்க வைப்பார்கள். அதில் அவசரப்படாதீர்கள். கையில் இருப்பவை 7 காய்கள்தான். நகரம் முடிந்தால் அதிலுள்ள ஒவ்வோர் அட்டைக்கும் 2 புள்ளி, சாலை முடிந்தால் அட்டைக்கு 1. காயும் உடனே கைக்குத் திரும்பிவிடும். வயலில் படுத்த காயோ ஆட்டம் முடியும்வரை எழாது. ஆனால் அந்த வயலைத் தொடும் ஒவ்வொரு முடிந்த நகரத்துக்கும் கடைசியில் 3 புள்ளி உண்டு. 72 அட்டைகளில் பாதி இறங்கிய பிறகு, இரண்டு மூன்று நகரங்கள் ஒரே வயலை ஒட்டி நின்றால் தயங்காமல் படுக்க வையுங்கள்.

எதிராளி முந்திக்கொண்டாரா? அதே வயலில் நேராக இறங்க முடியாது. பக்கத்துத் தனி வயலில் காயை வைத்து, பின்னர் ஓர் அட்டையால் இரண்டையும் இணையுங்கள். காய்கள் சமமானால் இருவருக்கும் முழுப் புள்ளி. கூடுதலாக வைத்திருப்பவர் இருந்தால் அவருக்கு மட்டுமே. இடையில் சாலை ஓடினால் வயல் துண்டாகிவிடும், கவனம். குழந்தைகளோடு ஆடும்போது முதலில் வயல் விதியையே விட்டுவிடுங்கள். ஆட்டம் சுவை குறையாது.