கினிப் பன்றியைப் பயமுறுத்தாமல் தூக்குவது எப்படி?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தோட்ட வீட்டில் இருக்கிறோம், 7 வயது மகள் தூக்கினாலே கினிப் பன்றி துள்ளி விழப் பார்க்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

அது பிற விலங்குகளுக்கு இரையாகிப் பழகிய இனம். மேலிருந்து கை இறங்கினால் பருந்து பாய்வதுபோல மிரண்டுவிடும். அதனால் அதன் கண்ணில் படும்படி பக்கவாட்டில் கையைக் கொண்டுபோங்கள். ஒரு கை முன்னங்கால்களுக்குப் பின்னால் நெஞ்சைத் தாங்கட்டும். மறு கை உடனே பின்பக்கத்தின் அடியில் போக வேண்டும். தூக்கியதும் உங்கள் நெஞ்சோடு அணைத்துக்கொள்ளுங்கள். பின்பகுதி தொங்கினால் முதுகெலும்புக்கு ஆபத்து. பூனைக்குட்டியைப் போலப் பிடரியைப் பிடிக்கவே கூடாது.

மகள் நின்றுகொண்டு தூக்க வேண்டாம். தரையில் சப்பணமிட்டு உட்காரட்டும். மடியில் துண்டு விரித்து நீங்களே வையுங்கள். எடை ஒரு கிலோ அளவுதான் என்றாலும், சிமெண்டுத் தரையில் விழுந்தால் காலோ பல்லோ உடைந்துவிடும். சினையாக இருந்தால் அவசியமில்லாமல் தூக்காதீர்கள்.

அப்புறம், வெயில். 26 டிகிரிக்கு மேல் போனாலே அது தவிக்கத் தொடங்கும். தகரக் கூரைக்குக் கீழே மத்தியானம் எப்படிக் கொதிக்கும் என்று உங்களுக்கே தெரியும். விளையாட்டைக் காலையிலோ இரவிலோ வைத்துக்கொள்ளுங்கள். துவண்டு படுத்து வேகமாக மூச்சு வாங்கினால், குளிர்ச்சியான இடத்துக்கு மாற்றி உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

விளையாடி முடித்ததும் மகள் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். படர்தாமரை இதனிடமிருந்து பிள்ளைகளுக்கு ஒட்டும்.