சும்மா கிடக்கிற வானம்

கேள்வி: வெளிநாடுகளில் இரவு நேரம் விமானத்தின் இறக்கைக்குக் கீழே விளக்குப் பலகை பூட்டி, ஊருக்கு மேலே பறந்து விளம்பரம் செய்கிறார்களாம். நம் வானம் இரவெல்லாம் சும்மாதானே கிடக்கிறது? மட்டக்களப்பு, கல்முனை வியாபாரிகள் சேர்ந்து இப்படி ஒன்றைச் செய்தால் என்ன?
– வாசகர் ஒருவர், களுவாஞ்சிகுடி

பதில்: செய்கிறார்கள் என்பது உண்மைதான். புதிய வேலையும் அல்ல. 1922இல் இங்கிலாந்தில் எப்சம் குதிரைப் பந்தயத்துக்கு மேலே ஒரு விமானம் புகையால் பத்திரிகைப் பெயரொன்றை எழுதிக் காட்டியது. புகை எழுத்துக்குப் பகல் வேண்டும். இரவையும் பிடிக்க வேண்டும் என்றதும் விளக்கு வந்தது. பாரிஸில் சிற்றோன் கார்க் கம்பனி 1925 முதல் 1934 வரை ஐஃபெல் கோபுரத்திலேயே தன் பெயரை இரண்டரை இலட்சம் பல்புகளில் எரியவிட்டது. அமெரிக்காவின் குட்இயர் டயர்க் கம்பனி 1930இல் தன் ஆகாயக் கப்பலில் நியோன் எழுத்தைப் பூட்டியது. 1966இல் 3,000க்கும் மேற்பட்ட பல்புகளோடு பறந்தது. இப்போது எல்.ஈ.டி பலகையும் ட்ரோன் கூட்டமும். நியூயோர்க்கில் 2022இல் 500 ட்ரோன்களை ஏற்றி ஒரு கைபேசி விளையாட்டுக்கு விளம்பரம் செய்தார்கள்.

சரி, கேட்டதற்குச் சொல்லியாயிற்று. இனி நீங்கள் எழுதிய ‘சும்மா கிடக்கிறது’ என்பதற்கு வருகிறேன்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் பழைய சண்டை தெரியும். நம் மாவட்டங்களில் எது பறிபோனாலும், பறிபோவதற்கு முன்னால் அதைப் பற்றிச் சொல்லப்படுவது இதுதான். வாவிக்கரை சும்மா கிடக்கிறது என்றார்கள், கண்டல் வெட்டப்பட்டு மண் கொட்டப்பட்டது. மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரை சும்மா கிடக்கும் காணி என்றார்கள். தலைமுறைகளாக அங்கே மாடு மேய்த்த பண்ணையாளர்கள் 2023இல் சித்தாண்டித் தெருவோரம் கொட்டகை போட்டு உட்கார வேண்டி வந்தது. மாடு மேய்கிற நிலம் எப்படிச் சும்மா கிடப்பதாகும்? வேலி போடாத நிலம் என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். வானமும் வேலி போடாதது. அதனால் அது யாருக்கும் பயன்படாதது என்று ஆகிவிடாது.

நம் வானத்தில் இரவு நடக்கிற வேலையைப் பாருங்கள். பாணமைப் பக்கத்துக் கடற்கரைகளில் ஆமை முட்டையிடுகிறது. முட்டை உடைத்து வரும் குஞ்சு, அடிவானத்தில் எந்தப் பக்கம் வெளிச்சமாக இருக்கிறதோ அந்தப் பக்கம் ஓடும். இயல்பில் அது கடல். கரைப்பக்கம் அதைவிடப் பெரிய வெளிச்சம் ஆடினால் குஞ்சு கரைக்கு ஏறி, விடியும்போது காகத்துக்கும் நாய்க்கும் இரையாகும். குமணைக்கு வரும் வலசைப் பறவைகளில் பல இரவில்தான் பறக்கின்றன. வெளிச்சம் பறவையை என்ன செய்யும் என்பதை நியூயோர்க்கில் அளந்தே பார்த்திருக்கிறார்கள். இரட்டைக் கோபுர நினைவுக்காக ஆண்டுக்கு ஓர் இரவு வானத்துக்கு அடிக்கும் ஒளிக்கற்றைகள், ஏழு ஆண்டுகளில் ஏழே இரவுகளில், ஏறக்குறைய 11 இலட்சம் பறவைகளைப் பாதித்தன என்று 2017இல் வெளிவந்த ஆய்வு சொல்கிறது. பறவைகள் அந்த வெளிச்சத்துக்குள் சுற்றிக்கொண்டே இருந்திருக்கின்றன. விளக்கை அணைத்ததும் கலைந்து தம் வழியே போயின.

அப்புறம் சத்தம். பலகை கட்டிய விமானத்தின் எழுத்தைத் தரையிலிருந்து வாசிக்க வேண்டுமானால் அது தாழ்வாகவும் மெதுவாகவும் போக வேண்டும். ஒரு தரம் போனால் யார் கண்ணிலும் படாது, சுற்றிச் சுற்றி வரவேண்டும். கல்லடிப் பாலத்துக்குக் கீழே நிலாக் காலத்தில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியை நீரில் விட்டு மறு நுனியைக் காதில் வைத்துக் கேட்கும் அந்த மீன் பாட்டுக்கு அமைதி வேண்டும். மீன் பாடும் தேன்நாடு என்று வாசல் வளைவில் எழுதி வைத்துவிட்டு, மேலே எஞ்சினைச் சுற்றவிடுவதா?

இவற்றைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. இந்த மண்ணில் நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு, இரவு வானத்தில் எஞ்சின் சத்தத்தோடு ஒரு வெளிச்சம் வந்தால் அது பரா லைட், போர்க்காலத்தில் பரசூட்டில் இறங்கிய வெளிச்சக் குண்டு. அது இறங்கினால் விளக்கை அணைத்துவிட்டுப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பங்கருக்குள் போகவேண்டும். அந்த உடம்புகள் இன்றும் நம் ஊர்களில் உறங்குகின்றன. படுவான்கரையில் திண்ணையில் படுத்திருக்கும் ஒரு ஆச்சியின் தலைக்கு மேலே மினுங்கிக்கொண்டு ஒன்று வந்தால், அதில் சேலைக் கடைத் தள்ளுபடிதான் எழுதியிருக்கிறது என்று அவருக்கு யார் போய்ச் சொல்வது? சொல்லுமுன் அவருடைய நெஞ்சு என்ன பாடுபடும்? வியாபாரிகள் சங்கத்துக்கு நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான்.

இரண்டாவது, கூலி. தெருவில் பலகை வைத்தால் சபைக்குக் கட்டணம் கட்டுகிறீர்கள். பத்திரிகையில் போட்டால் பணம் தருகிறீர்கள், வாசகருக்குப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போகவும் முடியும். வானத்தில் போட்டால் பார்க்கிறவருக்கு என்ன தருவீர்கள்? அவர் எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பார்?

ஹொனலுலு நகரம் வான்வழி விளம்பரத்தைச் சட்டம் போட்டுத் தடுத்திருக்கிறது. அதை எதிர்த்து வழக்குப் போனபோது 2006இல் நீதிமன்றம் நகரத்தின் பக்கமே நின்றது. கடலையும் மலையையும் பார்க்க வருகிற பயணிகளால் வாழும் ஊர் அது. பாசிக்குடாவும் அறுகம்குடாவும் அப்படித்தானே வாழ்கின்றன? 1993இல் ஒரு அமெரிக்கக் கம்பனி விண்வெளியிலேயே பெரிய விளம்பரப் பலகை விரிக்கத் திட்டம் போட்டது. எதிர்ப்புக் கிளம்பியது, பூமியிலிருந்து கண்ணில் படும் அந்த வகை விளம்பரத்துக்குப் பின்னர் அந்த நாட்டுச் சட்டமே தடை விதித்தது. விளம்பரத்தை இவ்வளவு வளர்த்த நாடே அங்கே கோடு போட்டிருக்கிறது.

வியாபாரிகளுக்கு நான் எதிரி அல்ல. கடைப் பெயரை எழுத்துப் பிழையில்லாமல் எழுதுங்கள், நல்ல வெளிச்சம் போடுங்கள், கடையைப் பூட்டும்போது அதை அணையுங்கள். விடிய விடிய எரியும் எல்.ஈ.டி பலகைகளால் மட்டக்களப்பு நகருக்குள் வானத்தில் ஆறாமீன் என்னும் கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தைத் தேடுவதே பாடாக இருக்கிறது.

இங்கே ட்ரோன் பறக்கவிடச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் அனுமதி வேண்டும். யாரேனும் விளம்பரத்துக்கென்று அந்த அனுமதியைக் கேட்குமுன், ‘எங்கள் ஊர்களுக்கு மேலே இது வேண்டாம்’ என்று நம் மாநகர சபையும் பிரதேச சபைகளும் தீர்மானம் நிறைவேற்றி அங்கே அனுப்ப வேண்டும். கொண்டுவரத் தயாராக உள்ள உறுப்பினர் எந்தக் கட்சியானாலும் அலுவலகத்துக்கு வரட்டும், வரைவை நான் எழுதித் தருகிறேன்.