ஐப்பசியில் முதல் மலையேற்றமா? பகல் பன்னிரண்டுக்குள் இறங்கிவிடுங்கள்

வத்தளையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். ஒரே அலுவலகத்தில் வேலை செய்யும் ஐந்து பேர், ஒருவரும் இதுவரை மலை ஏறியதில்லை, ஒக்டோபர் கடைசியில் நக்கிள்ஸ் மலைத்தொடர் பக்கம் போய் ஒரு இரவு கூடாரம் போட்டுத் தங்கலாம் என்று யோசிக்கிறார்களாம். அது சரிவருமா, விலை கூடிய சப்பாத்து வாங்கத்தான் வேண்டுமா, கூட வரும் நண்பர் ஒருவருக்குக் கொஞ்சம் நடந்தாலே மூச்சு வாங்குகிறது, அவரையும் கூட்டிக்கொண்டு போகலாமா என்று கேட்கிறார்.

போங்கள், கட்டாயம் போங்கள். ஆனால் முதல் தடவைக்கு நக்கிள்ஸ் வேண்டாம், கூடாரமும் வேண்டாம்.

வெளிநாட்டு வீடியோக்களில் ஒக்டோபர் என்றால் காய்ந்த இலையும் தெளிந்த வானமுமாக இருக்கும். நம் மலைநாட்டில் அது இரண்டு பருவமழைகளுக்கும் இடைப்பட்ட காலம். காலையில் வெயில் நன்றாகவே அடிக்கும், அந்த வெயிலில் சூடான ஈரக்காற்று சரிவைப் பிடித்து மேலே ஏறும், பத்து மணி தாண்டினால் பள்ளத்தாக்கிலிருந்து முகில் எழும்பி வருவது கண்ணுக்கே தெரியும், அப்புறம் இரண்டு மூன்று மணிக்கெல்லாம் இடியும் மழையும் சேர்ந்து கொட்டும். எல்லா நாளும் இப்படித்தான் என்றில்லை, ஆனால் இப்படித்தான் நடக்கும் என்று வைத்துக்கொண்டு திட்டம் போடுங்கள். விடியும்போது நடக்கத் தொடங்கி, உச்சியைத் தொட்டாலும் தொடாவிட்டாலும் பன்னிரண்டு மணிக்குள் கீழே வந்துவிட வேண்டும். எத்தனை மணிக்குத் திரும்புவது என்பதை முதல் நாள் இரவே ஐந்து பேரும் பேசி முடித்துவிடுங்கள். மேலே நின்றுகொண்டு முடிவெடுக்கப் போனால் “இன்னும் கொஞ்சத் தூரம்தானே” என்று யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். இடிச் சத்தம் காதில் விழுந்தாலே முகட்டிலும் தனி மரத்தடியிலும் நிற்காமல் இறங்கத் தொடங்குங்கள்.

நான் சொல்லும் இடம் அப்புத்தளைக்குப் பக்கத்திலுள்ள லிப்டன் சீற் என்ற காட்சிமுனை. டம்பத்தென்ன தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து ஏறக்குறைய 7 கிலோமீற்றர், வழி முழுக்கத் தோட்டப் பாதை. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களைத் தாண்டித்தான் போவீர்கள், கொழுந்து பறிக்கும் அக்காமாரிடம் வழி கேட்கலாம். மூச்சு வாங்கும் நண்பருக்கு முடியாமல் போனால் ஓட்டோவில் ஏற்றிவிடலாம், அந்த வசதி பல மலைகளில் கிடைக்காது.

கொஞ்சம் காட்டுக்குள் போன உணர்வு வேண்டுமென்றால் ஹோர்ட்டன் சமவெளி. சுற்றுப்பாதை சுமார் 9 கிலோமீற்றர், பெரிய ஏற்றம் கிடையாது, ஆறுதலாக நடந்தால் மூன்று நான்கு மணி நேரம். ஒன்பது பத்து மணிக்கே அங்குள்ள ‘உலக முடிவு’ என்ற செங்குத்துப் பள்ளத்தைப் பனிமூட்டம் மூடிவிடும் என்பதால் வாசல் திறக்கும் நேரத்துக்கே அங்கே நில்லுங்கள். பொலித்தீன் உறைகளை வாசலிலேயே கழற்றி வாங்கிவிடுவார்கள், சாப்பாட்டை டப்பாவில் கொண்டுபோங்கள், மரை மானுக்கு எதையும் கொடுக்காதீர்கள்.

நக்கிள்ஸை ஏன் தள்ளிவைக்கிறேன் என்றால், மூடுபனி இறங்கினால் அங்கே ஒற்றையடிப் பாதை எது, மாடு போன தடம் எது என்றே புரியாது. வழிகாட்டி இல்லாமல் புதியவர்கள் போகவே கூடாது. அட்டையும் மிக அதிகம். கடித்தால் பிடித்து இழுக்காதீர்கள், நெருப்பும் வைக்காதீர்கள். மெல்லிய முனைதான் பெரும்பாலும் வாய்ப்பக்கம். தோலோடு சேர்த்து நகத்தை அதன் அடியில் நழுவவிட்டால் பிடி விட்டுப்போகும், உடனே சுண்டிவிடுங்கள். இரத்தம் உறையாமலிருக்க ஒரு பொருளை அது உள்ளே விட்டிருக்கும், அதனால் வடிந்துகொண்டே இருக்கும், பயப்படாமல் துணியால் அழுத்திப் பிடியுங்கள். தோட்டத்தில் காலில் சவர்க்காரம் பூசிக்கொள்வார்கள், நீங்களும் பூசலாம்.

புதுச் சப்பாத்து வேண்டாம். அடியில் நல்ல பல் உள்ள, ஏற்கெனவே காலுக்குப் பழகிய சப்பாத்தே போதும். அடிப்பக்கம் தேய்ந்து வழுவழுப்பாக இருந்தால் மட்டும் மாற்றுங்கள், ஈரப் பாறையில் அது உங்களை ஏமாற்றும். அந்தக் காசில் நல்ல மழை அங்கி வாங்குங்கள். 1000 மீற்றர் ஏறினால் வெப்பநிலை ஆறேழு பாகை குறையும். ஹோர்ட்டன் சமவெளி 2100 மீற்றர் அளவில் இருக்கிறது, கொழும்பில் வியர்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் அங்கே பற்கள் கிட்டும். நனைந்த ஜீன்ஸ் காயவே காயாது, அதோடு காற்றும் அடித்தால் உடம்பு விறைத்துவிடும். ஆளுக்கு ஒரு டோர்ச் லைட், இரண்டு லீற்றர் தண்ணீர், ரொட்டியும் சம்பலும், கொஞ்சம் வாழைப்பழம். மாலை ஆறு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும் மாதம் இது.

மழை பற்றி இன்னொன்று, இதைத் தயவுசெய்து இலேசாக எடுக்காதீர்கள். கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனது 2014 ஒக்டோபர் 29 காலையில், இதே பருவத்தில். முதல் நாள் விடாமல் மழை பெய்திருந்தால், அல்லது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் நீங்கள் போகும் பிரதேசத்துக்கு மண்சரிவு எச்சரிக்கை விட்டிருந்தால், அது ஆகக் குறைந்த மட்டமான மஞ்சளாக இருந்தாலும் பயணத்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவையுங்கள். வழியில் தெளிவாக ஓடிய ஊற்று திடீரென்று கலங்கினாலோ, நிலத்தில் புது வெடிப்பு தெரிந்தாலோ அந்தச் சரிவை விட்டு விலகி நடங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117, அம்புலன்ஸ் வண்டிக்கு 1990. சில மலை மடிப்புகளில் போன் சிக்னல் இருக்காது என்பதால் எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்கு இறங்குவீர்கள் என்று தங்குமிடத்தில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

அந்த நண்பரைக் கட்டாயம் கூட்டிப்போங்கள். அவருக்கு ஆஸ்துமாவோ இதயக் கோளாறோ இருக்கிறதா என்பதை மட்டும் முன்கூட்டியே டொக்டரிடம் கேட்டுக்கொள்ளட்டும். மற்றபடி அவரை முன்னால் நடக்கவிட்டு அவர் வேகத்துக்கே எல்லோரும் நடங்கள். பின்னால் விட்டால், அவர் மூச்சிரைக்க வந்து சேரும் நேரத்தில் இளைப்பாறி முடித்தவர்கள் எழும்பி நடந்துவிடுவார்கள், அவருக்கு ஓய்வே கிடைக்காது. பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம்தான் சரியான வேகம்.

உங்களில் ஒருவர் சிவனொளிபாதமலைக்குப் போகலாம் என்று சொன்னதாகவும் எழுதியிருந்தீர்கள். அதன் பருவம் டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி வெசாக்கோடு முடிகிறது. ஒக்டோபரில் படிகளில் விளக்கும் எரியாது, தேத்தண்ணிக் கடைகளும் மூடியிருக்கும். அதை ஜனவரிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.