சாட்ஜிபிடியை வகுப்பில் எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். பாடம் நடத்த சாட்ஜிபிடியைப் பயன்படுத்த ஆசை. ஆனால் பிள்ளைகள் வீட்டுப்பாடத்தையே அதில் எழுதிவிடுவார்களோ என்று பயமாகவும் இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் உங்கள் தயாரிப்புக்குப் பயன்படுத்துங்கள். நான் அதனிடம் அதிகம் கேட்பது தவறான விடைகளைத்தான். ‘மரத்தின் எடை எதிலிருந்து வருகிறது? மாணவர்கள் சொல்லக்கூடிய தவறான விடைகளைக் காரணத்தோடு கொடு’ என்று கேட்டுப் பாருங்கள். ‘மண்ணிலிருந்து’ என்பது பெரும்பாலும் வந்துவிடும். காய்ந்த மரத்தின் எடையில் பெரும்பங்கு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடிலிருந்து வந்தது என்பதைப் பிள்ளைகள் லேசில் நம்ப மாட்டார்கள். அந்த விடைகளைக் கரும்பலகையில் எழுதி, எது ஏன் தவறு என்று வாதாட விடுங்கள். வகுப்பு களைகட்டும்! கருவியும் தப்பாகச் சொல்லும், ஆகவே சரிபார்க்காமல் எதையும் கொண்டுபோகாதீர்கள்.

காப்பி விஷயத்தில், எழுதியது பிள்ளையா கருவியா என்று கண்டறியும் மென்பொருளை நம்பி யாரையும் தண்டிக்க வேண்டாம். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே தன் கண்டறியும் கருவியை, துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் விலக்கிக்கொண்டது. எழுதியதைப் பற்றி நேரில் இரண்டு கேள்வி கேளுங்கள், தெரிந்துவிடும்.

அப்புறம், மாணவர் பெயர், மதிப்பெண் எதையும் அதில் இடாதீர்கள். வகுப்பறைப் பயன்பாட்டுக்குக் குறைந்தது 13 வயது என்கிறது யுனெஸ்கோவின் 2023 வழிகாட்டுதல். உங்கள் வகுப்பில் சிலர் அதற்கும் சின்னவர்களாக இருக்கலாம். இப்போதைக்குக் கருவி உங்கள் கையிலேயே இருக்கட்டும்.