கொரியாவில் உரிமைகள் தானாக வந்தனவா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

தொழிலாளர் சட்டங்கள் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். நான் ஒரு உற்பத்தி நிறுவனத்தில் நிர்வாகப் பொறுப்பில் இருப்பவன். தென்கொரியாவைப் பாருங்கள். 1961-இல் பரம ஏழை நாடு. அந்த ஆண்டு ராணுவப் புரட்சியில் ஆட்சியைப் பிடித்த பார்க் சுங்-ஹீ முதலில் தொழிற்சாலைகளைக் கட்டினார். யூனியன், ஸ்டிரைக் எதற்கும் இடம் தரவில்லை. நாடு வசதியான பிறகு 1987-இல் ஜனநாயகம் தானாக வந்தது, சம்பளமும் உயர்ந்தது. முதலில் சோறு, பிறகு உரிமை என்பதுதானே நடைமுறை? பசித்தவனிடம் எட்டு மணி நேர வேலை பற்றிப் பேசுவது வசதியானவர்களின் பேச்சு என்றே எனக்குப் படுகிறது.

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

நீங்கள் கொரியாவைச் சொன்னதால் கொரியாவை வைத்தே பேசுவோம். அந்த வளர்ச்சியை நான் குறைத்துச் சொல்லப்போவதில்லை. 1964-இல் 10 கோடி டாலராக இருந்த ஏற்றுமதி 1977-இல் 1,000 கோடி டாலரைத் தொட்டது. ஒரு தலைமுறைக்குள் கிராமமாக இருந்த நாடு கப்பல் கட்டும் நாடானது. பார்க் அரசின் திட்டமிடலுக்கு அதில் பெரிய பங்கு உண்டு. ஆனால் உரிமைகள் தானாக வந்தன என்பதும், அதைக் கேட்டவர்கள் வசதியானவர்கள் என்பதும் நடந்ததற்கு நேர் எதிரானவை.

சியோலில் சோங்கியே ஓடைப் பக்கம் பியோங்ஹ்வா சந்தை இருக்கிறது. 1960-களில் அங்கே நூற்றுக்கணக்கான தையல் கூடங்கள், 20,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள். வாடகையை மிச்சப்படுத்த ஒரு தளத்தின் நடுவே பலகை அடித்து மேலும் கீழுமாக இரண்டாக்கியிருந்தார்கள். நிமிர்ந்து நிற்க முடியாது. ஜன்னல் இல்லாத அறைகள், துணித்தூசி, பகலிலும் டியூப்லைட். தைப்பவர்களுக்குக் கீழே 'சிடா' எனப்பட்ட ஹெல்பர் பெண்கள். சராசரி வயது 15. ஒரு நாளைக்கு 14 மணி நேர வேலை, மாதத்துக்கு இரண்டு நாள் விடுமுறை, தினக்கூலி 70 முதல் 100 வோன் (கொரிய நாணயம்).

அங்கே கட்டிங் மாஸ்டராக இருந்தவர் ஜொன் டே-இல். பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்டவர். அந்தப் பிள்ளைகள் மதியம் சாப்பிடாமல் துவண்டு கிடப்பதைப் பார்த்து, பஸ்ஸுக்கு வைத்திருந்த காசில் அவர்களுக்கு பன் வாங்கிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு மணிக்கணக்கில் நடந்தே போவார். வழியில் ஊரடங்கு நேரம் வந்துவிட்டால் இரவு போலீஸ் சாவடியில் கழியும். பசியையும் உரிமையையும் இரண்டாகப் பிரித்துப் பார்க்க அவரால் முடியவில்லை.

கொரியாவில் தொழிலாளர் தரச் சட்டம் ஒன்று இருப்பது அவருக்குத் தாமதமாகத்தான் தெரியவருகிறது. அந்தச் சட்டம் 1953-இல் கொரியப் போர்க்காலத்திலேயே இயற்றப்பட்டது. நாளைக்கு எட்டு மணி நேரம், வார ஓய்வு எல்லாம் அதில் இருக்கிறது. ஆக, பார்க் ஆட்சிக்கு வருவதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே உரிமை தாளில் தயாராக இருந்தது. ஜொன் சட்டப் புத்தகத்தை வாங்கிவந்தார். சீன எழுத்துகள் கலந்த அந்த நடை அவருக்குப் பிடிபடவில்லை. கல்லூரியில் படிக்கும் ஒரு நண்பன் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஏங்கினார். 1969-இல் நண்பர்களைச் சேர்த்து ஒரு சங்கம் தொடங்கினார். தொழிலாளர்களிடம் கேள்வித்தாள் கொடுத்துத் தகவல் சேகரித்தார். வேலை போனதுதான் மிச்சம்.

அந்த ஆண்டு ஜனாதிபதி பார்க்குக்கு ஜொன் எழுதிய கடிதத்தில் என்ன கேட்கிறார், பாருங்கள். 14 மணி நேரத்தை 10 முதல் 12 மணி நேரமாகக் குறைக்க வேண்டும். ஞாயிறுதோறும் விடுமுறை. சிடா கூலியை 50 சதவீதம் கூட்ட வேண்டும். உடல் பரிசோதனையை ஒழுங்காக நடத்த வேண்டும். எக்ஸ்ரே எந்திரத்தில் ஃபிலிம் இல்லாமலே படம் எடுத்துவிட்டுப் போனார்கள் என்கிறார். இவை அளவு மீறிய கோரிக்கைகள் அல்ல என்று சத்தியம் செய்கிறார்.

சட்டம் சொன்னது எட்டு மணி நேரம். அவர் கேட்டதோ பத்து, பன்னிரண்டு. சட்டம் கொடுத்ததைவிடக் குறைவாகக் கேட்டும் கிடைக்கவில்லை. இந்த ஒரு இடத்தில் நீங்கள் சற்று நேரம் நிற்க வேண்டும் என்று விரும்புகிறேன். பேராசைப்பட்ட யூனியன்காரரை அரசு கட்டுப்படுத்திய கதை இல்லை இது. தன் சட்டத்தைத் தானே மதிக்காத அரசிடம் 21 வயதுப் பையன் ஒருவன் கெஞ்சிய கதை.

1970 நவம்பர் 13 அன்று, பயனில்லாத அந்தச் சட்டப் புத்தகத்தைச் சந்தையில் எரிப்பதாகத் திட்டம். போலீஸ் தடுத்தது. ஜொன் தன் மீதே பெட்ரோலை ஊற்றிப் பற்றவைத்துக்கொண்டார். "தொழிலாளர் சட்டத்தைக் கடைப்பிடியுங்கள்! நாங்கள் எந்திரங்கள் அல்ல!" என்று கத்தியபடி ஓடி விழுந்தார். அன்றிரவு உயிர் போனது. வயது 22. அரசுத் தரப்பினர் பணம் கொடுத்து அடக்கத்தை முடித்துவிடப் பார்த்தார்கள். அவருடைய அம்மா லீ சோ-சுன் மகனின் கோரிக்கைகளை ஏற்கும்வரை உடலை வாங்க மறுத்தார். இரண்டே வாரத்தில் அந்தச் சந்தையில் தையல் தொழிலாளர் சங்கம் பிறந்தது. அந்த அம்மா அதன்பின் பலமுறை சிறை போனார். 2011-இல் இறக்கும்வரை தொழிலாளர்களுக்காகத் தெருவில்தான் நின்றார்.

சரி, வளர்ச்சி வந்தபோது பிடி தளர்ந்ததா? இறுகியது. 1971 டிசம்பரில் வந்த சிறப்புச் சட்டம், தொழிலாளர்கள் சங்கமாகச் சேர்ந்து நிர்வாகத்திடம் பேசும் கூட்டுப் பேரத்தையும் வேலைநிறுத்தத்தையும் அரசின் அனுமதிக்குள் அடைத்தது. 1972-இல், ஜனாதிபதியை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதை நிறுத்தி பார்க்கிடம் அதிகாரத்தைக் குவித்த யூஷின் அரசியலமைப்பு. 1979 ஆகஸ்டில் மூடப்பட்ட ஒரு விக் தொழிற்சாலையின் பெண்கள் எதிர்க்கட்சி அலுவலகத்தில் தஞ்சம் புகுந்தார்கள். போலீஸ் உள்ளே புகுந்தபோது கிம் கியோங்-சுக் என்ற தொழிலாளி இறந்தார். அதைத் தொடர்ந்த கொந்தளிப்பில்தான், அக்டோபரில், பார்க் தன் உளவுத்துறைத் தலைவராலேயே சுடப்பட்டார்.

உங்கள் வாதத்தில் பாதி உண்மை எங்கே இருக்கிறது என்றால், 1987-இல். பெருந்தொழில்கள் பல்லாயிரம் பேரை உல்சான் போன்ற ஊர்களில் ஒரே இடத்தில் சேர்த்திருந்தன. வேலையை நிறுத்தினால் கப்பல் தளமே நிற்கும் என்ற பலத்தைக் கொடுத்தது வளர்ச்சிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பலம் வெளிப்பட்ட விதத்தைப் பாருங்கள். ஜனவரியில் போலீஸ் சித்திரவதையில் ஒரு மாணவர் இறந்தார். ஜூனில் நகரங்கள் திரண்டன. ஜூன் 29-இல் நேரடி ஜனாதிபதித் தேர்தலுக்கு ஆட்சியாளர்கள் இணங்கினார்கள். அடுத்த மூன்று மாதங்களில் 3,000-க்கும் மேற்பட்ட வேலைநிறுத்தங்கள். உல்சான் தொழிலாளர்களின் கோரிக்கைப் பட்டியலில் சம்பளத்தோடு தலைமுடியும் இருந்தது! தொழிற்சாலை வாசலில் காவலாளிகள் முடியின் நீளத்தைப் பார்த்து வெட்டிவிடும் வழக்கத்தை நிறுத்தச் சொன்னார்கள். சோறு கிடைத்த பிறகும் மனிதனை அப்படித்தான் நடத்திக்கொண்டிருந்தார்கள்.

அதற்கடுத்த ஆண்டுகளில் சம்பளம் இரட்டை இலக்க வேகத்தில் உயர்ந்தது. நாடு கவிழ்ந்துவிடவில்லை, 1997 நிதி நெருக்கடி வரை பொருளாதாரம் நன்றாகவே வளர்ந்தது. அப்படியானால் 1970-இல் ஞாயிறு விடுமுறை கொடுத்திருந்தால் கொரியா எதை இழந்திருக்கும்? நிர்வாகத்தில் இருக்கும் நீங்கள் கணக்குப் போட்டுச் சொல்லலாம்.

அப்புறம், இதை முடிந்துபோன கதையாகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஐந்து பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களுக்கு தொழிலாளர் தரச் சட்டம் இன்றும் முழுமையாகப் பொருந்தாது. ஓவர்டைம் கூடுதல் கூலியும் காரணமில்லாத பணிநீக்கத்திலிருந்து பாதுகாப்பும் அங்கே இல்லை. சின்னத் தையல் கூடங்களில் பல அந்த வரம்புக்குள்தான் வருகின்றன. ஆண்டுதோறும் நவம்பரில் ஜொன் பெயரைச் சொல்லித் திரளும் தொழிலாளர்கள் இதையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.