“விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது” என்கிறார்கள்: கடிக்கிற டிரெக்கிங் ஷூவுக்குச் சட்டத்தில் வழி உண்டா?

கேள்வி: வட்டக்கானலில் இருந்து வெள்ளகவி வழியாகக் கும்பக்கரைக்கு நண்பர்களோடு நடந்து இறங்குவதற்காக, கொடைக்கானலில் ஒரு கடையில் 4,800 ரூபாய்க்கு டிரெக்கிங் ஷூ வாங்கினேன். எங்கே போகிறேன் என்று சொல்லித்தான் கேட்டேன். முன்பக்கம் இறுக்குகிறது என்றதற்கு, “போடப் போட சரியாகிடும்மா, இதுதான் உங்க அளவு” என்றார் கடைக்காரர். இறக்கத்தில் வலி தாங்க முடியவில்லை. இரண்டு கட்டைவிரல் நகமும் கறுத்துவிட்டன. மூன்று வாரம் ஆகிறது. மாற்றித் தரக் கேட்டால், “விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது” என்று பில்லில் அச்சடித்திருப்பதைக் காட்டுகிறார். எனக்கு உரிமை எதுவும் இல்லையா?
வாசகி, பண்ணைக்காடு

பதில்: இருக்கிறது. பில்லில் அச்சடித்த ஒரு வரி சட்டத்தை ரத்து செய்துவிடாது. குறைபாடுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் சொல்லவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பிரிவு 2(47).

ஆனால் எதிர்த்தரப்பு உடனே கேட்கும்: ஷூவில் என்ன குறை? தையல் பிரியவில்லை, அடிப்பாகம் கழன்று வரவில்லை. உங்கள் காலுக்குச் சேராதது வேறொருவருக்குக் கச்சிதமாக இருக்கலாமே? நீங்களே அளவைச் சொல்லி வாங்கி வந்திருந்தால், வழக்கு நிற்பது கஷ்டம் என்றுதான் எழுதியிருப்பேன். உங்கள் பலமே கடையில் நடந்த அந்தப் பேச்சுதான்.

பொருள் விற்பனைச் சட்டம், 1930, பிரிவு 16-ஐப் பாருங்கள். என்ன தேவைக்கு வாங்குகிறோம் என்று விற்பவரிடம் சொல்லி, அவருடைய அனுபவத்தை நம்பி வாங்கினால், அவர் வழக்கமாக விற்கும் பொருள்தான் அது என்றால், அந்தத் தேவைக்கு அது ஓரளவாவது பொருந்த வேண்டும். விற்பனையிலேயே அடங்கிய நிபந்தனை இது. யாரும் எழுதித் தர வேண்டியதில்லை. சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருந்து அடிவாரம் வரை இறங்குகிற பாதைக்கு என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். இறக்கத்தில் பாதம் முன்னால் சரியும். விரல் நுனிக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இல்லையென்றால் ஒவ்வொரு அடிக்கும் நகம் ஷூவில் இடிக்கும். மலையூரில் இந்த ஷூவையே விற்பவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். இறுக்குகிறது என்று நீங்கள் வாய்விட்டுச் சொன்ன பிறகும் “இதுதான் உங்க அளவு” என்றது அவர் கொடுத்த உறுதி. வெளிப்படையான அல்லது உட்கிடையான ஒப்பந்தப்படியோ, வியாபாரி சொன்னபடியோ தரம் இல்லாததும் குறைபாடுதான் என்று 2019 சட்டத்தின் பிரிவு 2(10) விரித்துச் சொல்கிறது. இந்த இரண்டு பிரிவுகளையும் சேர்த்து உங்கள் வாதத்தை வையுங்கள். (பிராண்டு, மாடல் பெயரைச் சொல்லி “அதுதான் வேண்டும்” என்று வாங்கியவர்களுக்குப் பிரிவு 16 பெரும்பாலும் கை கொடுக்காது.)

ஒரு பலவீனமும் உண்டு. ஷூவைப் போட்டு மலை இறங்கிவிட்டீர்கள். பயன்படுத்திய பொருளுக்கு முழுப் பணமும் கிடைக்கும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். அதனால் ஒரு அளவு பெரிதாக மாற்றித் தரும்படி முதலில் கேளுங்கள். முடியாதென்றால் பணம், அப்புறம் மருத்துவச் செலவு.

இந்த வாரமே, 30 நாள் முடிவதற்குள், கடைக்கு ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு கடிதம் அனுப்புங்கள். அவர் சொன்னதை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். ஷூவை இனி போடாதீர்கள். செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து இளக்கவும் வேண்டாம், அதுவே சான்று. நகத்தைத் தேதியோடு படம் எடுத்து, மருத்துவரிடம் காட்டிச் சீட்டு வாங்குங்கள். வெள்ளகவி ஊருக்குள் செருப்பு போட்டு நடக்கும் வழக்கம் இல்லை, நீங்களும் அங்கே ஷூவைக் கழற்றியிருப்பீர்கள். அப்போது உங்கள் காலைப் பார்த்த நண்பர்கள் நல்ல சாட்சிகள். கடைக்கு உடன் வந்தவர் இருந்தால் இன்னும் நல்லது.

பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். அதுவும் பலிக்கவில்லையா, திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்கவும் கட்டாயமில்லை, இணையம் வழியாகவே மனு போடலாம். 4,800 ரூபாய்க்காக அடிக்கடி மலை இறங்க வேண்டுமா என்று தயங்காதீர்கள். காணொலியில் விசாரிக்கும்படி கேட்கவும் வழி உண்டு. மனு போடக் காலக்கெடு 2 ஆண்டு.

அடுத்த ஷூவை, கால் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில், மலைக்குப் போடும் அதே தடிமனான சாக்ஸோடு போய்ப் பாருங்கள். கொடைக்கானலில் இறக்கமான தெருவுக்குப் பஞ்சமில்லை. கடைக்காரர் அனுமதியோடு கொஞ்சம் இறங்கி நடந்து பாருங்கள், விரல் இடிக்கக் கூடாது, குதிகால் தூக்கக் கூடாது. பில்லில் “மலையேற்றத்துக்கு, அளவு சேராவிட்டால் 7 நாளில் மாற்றித் தரப்படும்” என்று கையால் எழுதி, கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அந்த 7 நாளும் வீட்டுக்குள் மட்டும் போட்டு நடங்கள்.